பாய்க்கு அடியில்

மழை விட்ட காலை. கூடத்துக் கனத்த கோரைப்பாய் நடுவில் புடைத்திருக்கிறது. மேலே வைத்த தேநீர்க் கிண்ணம் சாய்ந்தே நிற்கிறது. சிக்கு வாடை அடிக்கும் பழைய வேர்க்கடலை போல ஒரு நாற்றம். சிகுசாவுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் தானாக முளைத்து ஓட்டுக்கு மேல் ஏறிய மரத்தின் வாடை அது. "வெட்டாதீங்க, வெட்டினா வேர் ஓடும், துளை போட்டு மருந்துதான் விடணும்" என்று நகராட்சி ஆள் படித்துப் படித்துச் சொன்னான். மறுநாளே மரத்தின் தீட்டுக் கழிய உப்புத் தூவி, அரிசி மது வார்த்து, கும்பிட்டுவிட்டு ரம்பம் போட்டவன் அவள் புருஷன் தெத்சுஜி. "உப்பு பத்தலையோ என்னமோ" என்று முனகியபடி இப்போது பாயைத் தூக்குகிறான். பலகை இடுக்குகளில் பயறு முளை போல வெளிறிய தளிர்கள். சுவரோரம் தொடங்கி, மாமனார் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அறையின் கதவு வரைக்கும் வரிசையாக. தெத்சுஜியின் கை தன்னால் ரம்பத்துக்குப் போகிறது. சிகுசா பாய்ந்து மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "ஐயோ, வேணாங்க! வெட்ட வெட்டத்தான் வருது!" உள்ளிருந்து கிழவரின் குரல், தூக்கக் கலக்கத்தில்: "டேய் தெத்சுஜி, முதுகுல என்னமோ குத்துதுடா."