கரடிக்குக் கிடைத்த நியாயம்

அடைபட்ட உயிர்களை மீட்க மனிதகுலத்தில் எப்போதாவதுதான் ஒருவர் தோன்றுகிறார். இந்த முறை தோன்றியவர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். பனியனோடு கணினி முன்னால் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வரைபடத்திலேயே உயிரியல் பூங்காவின் கரடிக் கூண்டை அளந்துவிட்டார்.

"நாப்பதே சதுர மீட்டர்!" என்று சிவப்புக் கட்டம் போட்ட படத்தைப் பூங்கா இயக்குநரின் மேஜைமேல் விரித்தார். "இதுல ஒரு கரடி எப்படி சார் புரண்டு படுக்கும்?"

"எங்க கரடி ராஜா மாதிரி இருக்கு. நீங்க நேர்ல வந்து பார்த்தீங்களா?"

"நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?"

இயக்குநர் ஏசியை அண்ணாந்து பார்த்தார். கரடி இருக்கும் பக்கம் அவர் போனதே இல்லை. அதைச் சொன்னால் மானம் கப்பலேறிவிடும்.

"விடுங்க சார். நாலு மடங்கு பெரிசா, வேற இடத்துல புதுசாவே கட்டிடறோம்."

கட்டியும் விட்டார்கள். திறப்பு நாளில் கரடி புல்வெளியில் புரண்டு புரண்டு எழுந்தது. கூட்டம் கைதட்டியது. கைகுலுக்க வந்தவர்களுக்கு நடுவிலிருந்து வாத்தியார் மனைவியைக் கூப்பிட்டு, சிவப்புக் கட்டம் போட்ட அந்தப் படத்தை நீட்டினார்.

"பழைய கூண்டையும் போய்ப் பாருடி. புருஷன் சாதிச்சது என்னன்னு அப்பதான் புரியும்."

போன வேகத்தில் அவள் திரும்பி வந்தாள்.

"உள்ளே போய்ப் பார்த்தியா?"

"எங்கே? எனக்கு முன்னாடி மூணு பேர் வரிசையில நிக்கறாங்க."

"கூண்டுக்கு எதுக்குடி வரிசை?"

வாத்தியார் அளந்தது பெண்கள் கழிப்பறையை.