ஓட்டையில் அடைத்த காகிதம்

ராசையா அண்ணன் டேப்பில் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.

என் பாட்டு வரவில்லை. ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"விதுஷா, அம்மா பேசுறேன்டா. மழையில நனையாம பள்ளிக்கூடம் போ. அப்பாகிட்ட மல்லுக்கு நிக்காத."

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவர் மனைவியின் குரல்.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் ஆறு லய வரிசைகளிலும் இதுதான் கடைசி வீட்டுக் காம்பரா. இதுதான் கடைசிக் கேசட்.

போன வருடம் என் பாட்டுகளைக் கேசட்டாகப் போடுவதற்கு, பெயரும் பணமும் எழுத ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். எழுதியவன் நான், பாடியவன் நான், கையில் காசில்லாதவனும் நான். முன்பணம் தருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கேசட், அதன் அட்டையில் அவர்கள் எல்லார் பெயரும். இதுதான் என் பேச்சு.

சம்பளத்தன்று கொடுத்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கு நான் இந்தத் தோட்டத்திலேயே பெரிய ஆள்.

பதுளையில் பாடிப் பதிந்து, எழுபது பேருக்கு எழுபது கேசட் போட்டுக் கொடுத்தேன். எழுபத்தோராவதுக்கு வழியில்லை.

இப்போது கொழும்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வானொலியில் மலையகப் பாடகர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சியாம். வெள்ளிக்கிழமைக்குள் கேசட் அங்கே கிடைக்க வேண்டும். பதிவு செய்து கொடுத்தவரோ கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

ஒரே ஒரு கேசட் போதும். மூன்று நாளாக லயம் லயமாக அலைகிறேன்.

கேசட் எல்லா வீட்டிலும் இருந்தது. பாட்டுதான் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொரு பெண் வெளிநாட்டில். கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அங்கே அவள் கேட்டுவிட்டு, அதன்மேலேயே தன் பேச்சைப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். ஒரே கேசட்தான் போகும், வரும்.

என் கேசட்டில் யாரும் அழித்துப் பதியக்கூடாது என்று, அதன் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் எழுபதிலும் நானே உட்கார்ந்து உடைத்தேன். என்ன பிரயோசனம்? அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்து அடைத்தால் பதிந்துவிடும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

அட்டையை மட்டும் யாரும் எறியவில்லை. ராசையா அண்ணன் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சோறு தடவி ஒட்டியிருந்தார். எழுபது பெயர்கள். முதலில் பாக்கியலெட்சுமி. அவர் பெயர் கடைசிக்குக் கொஞ்சம் மேலே.

விதுஷா டேப்புக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். அம்மா சொல்லப்போவதை ஒரு வார்த்தை முந்தி அவள் உதடு சொல்லிக்கொண்டிருந்தது. என் பாட்டை யாரும் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைமேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"ஏன் தம்பி, ஒங்க கையில ஒன்னுகூடவா வச்சிக்கல?" என்றார் ராசையா அண்ணன், தலையைச் சொறிந்தபடி.

இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். தூறல் பிடித்திருந்தது. பின்னால் அந்த அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஒன்று இருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பாக்கியலெட்சுமி என் மனைவி. குவைத்துக்குப் போய் வாங்கிய முதல் சம்பளத்தில் அவள் அனுப்பியதுதான் என் கொப்பியில் முதல் வரி. அவளுக்குச் சேர வேண்டிய கேசட்டை நான் அனுப்பப் போனபோது, என் பாட்டை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், பேசி அனுப்பினால்தானே பதில் பேசுவாள் என்று தோன்றியது. காகிதத்தை மடித்து அடைத்தேன். இரண்டு பக்கமும் நிறையப் பேசினேன்.

இந்தத் தோட்டத்தில் என் பாட்டை முதலில் அழித்தவன் நான்தான்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கேசட் திரும்பி வந்தது. கொண்டுவந்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு, பாக்கியலெட்சுமியின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பக்கம் முழுக்க நானே பேசினேன்.

திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் நான்தான்.