பகிர்ந்து கொடுக்கிறாள்

“கையெழுத்துப் போடாதீங்க மேடம்.”

மூச்சிரைக்க ஓடிவந்த வகுப்பாசிரியை படிவத்தின்மேல் கையை வைத்து மறைத்தாள்.

தலைமையாசிரியை பேனாவை நிறுத்தினார். “சிறப்புக் கல்வித் திட்டத்துல வச்ச இலக்கு எல்லாத்தையும் இந்தப் பொண்ணு எட்டிட்டா. கத்துறதில்ல, எதையும் தூக்கி எறியறதில்ல. இனிமே வாராவாரம் கவுன்சலிங் எதுக்கு?”

“யாருகிட்டயும் பேசுறதும் இல்ல மேடம். சாப்பாடு பாதி அப்படியே மிஞ்சுது. நேத்து கலர் பென்சில் அத்தனையையும் எடுத்து ஆளுக்கு ஒண்ணா குடுத்துட்டா.”

“‘பகிர்ந்து கொடுக்கிறாள்’னு அதையும் முன்னேற்றத்துல எழுதியாச்சு. பிள்ளை அமைதியானா சந்தோஷப்படுவாங்க. நீங்க என்னடான்னா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க.”

“கவுன்சலிங்கை மட்டும் நிறுத்தாதீங்க மேடம்.”

“பெத்தவங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க, டீச்சர். உங்களுக்கு என்ன வந்துச்சு?”

அவள் கைப்பையைத் துழாவி, விரல் நீளம்கூட இல்லாத ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“நானும் சந்தோஷமாத்தான் கையெழுத்துப் போட்டேன் மேடம், என் பொண்ணோட படிவத்துல. அவளும் அமைதியாத்தான் இருந்தா. தன்னோடது எல்லாத்தையும் எல்லாருக்கும் குடுத்தா. இதை எங்கிட்ட குடுத்த மறுநாள் அவ இல்ல.”