சின்னக் காயில்

ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சூசை கேட்டதுதான் கடைசிப் பேச்சு. "மெட்டல் டிடெக்டருக்கு இன்னொரு காயில் வாங்கணும், லூர்து, அதான் மணலுக்கு மேல ஆட்டுற அந்த வட்டு. பெரிசு ஆழம் வரைக்கும் பார்க்கும். சின்னதுன்னா கம்மல் மாதிரிப் பொடிசுகூடத் தப்பாது. எதை வாங்க?"

யார் கம்மல் என்று இரண்டாம் மனைவியான லூர்து கேட்கவில்லை. சூசையின் முதல் மனைவி ரஞ்சிதம் சாவதற்கு முன் கடற்கரை மணலில் தொலைத்தது. அதன் ஜோடி தீப்பெட்டிக்குள் இருக்கிறது. கருவியைச் சோதிக்க அதைத்தான் மணலில் புதைப்பார். லூர்து தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தபோதுகூட வாங்கவில்லை.

"பெரிசையே வாங்குங்க. நங்கூரமாவது கிடைக்கும். செத்தவ காதுக்கு இனி என்ன சிங்காரம்?"

அவர் சிரித்துவிட்டு ஃபோனில் எதையோ அழுத்தினார். மதியம் கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பார்சல் வந்தது. பெரிசாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே லூர்து பிரித்தாள். உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

"அவகிட்டயே போய்ச் சேந்தாச்சுல்ல, இன்னும் இது எதுக்கு?" என்று அவர் படத்தைப் பார்த்துக் கேட்டாள். பிறகு ரஞ்சிதத்தின் கம்மலை மணலில் புதைத்துச் சோதித்தாள். கருவி கணீரென்று கத்தியது. தோண்டி எடுத்து, துடைத்து, பழையபடி வைத்தாள்.

அவருக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று தினமும் விடியலில் கரைக்குப் போகிறாள். தீப்பெட்டியில் இன்னும் ஒற்றைக் கம்மல்தான் கிடக்கிறது.