நாலு விரல் உயரம்

“மூஞ்சியப் பாரன் மச்சான், கெளிறு மீன் வாயத் திறந்த மாதிரி!” என்றான் ரொனி, ஷோரூம் முழுக்கக் கேட்கும்படி.

புதுக் காரைச் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேருக்குக் கோபம் வந்தது.

பிரதீஸுக்குத்தான் அதிகம் வந்தது. கார்ப் பைத்தியங்களுக்கென்றே முகநூலில் குழு நடத்துகிறவன் அவன். இனி உலகம் முழுக்க வரப்போவது இந்த முகம்தான், கொட்டாஞ்சேனையில் பழைய பார்ட்ஸ் விற்கிற ரொனிக்கு அது எங்கே விளங்கப்போகிறது என்று தொடங்கினான்.

சாந்தகுமார் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். வாங்கப்போகிறவன் அவன்தான். மற்றவர்களெல்லாம் சும்மா வேடிக்கைக்கு, விடுப்புப் பார்க்க வந்தவர்கள்.

ஐந்து வருஷமாகக் காத்திருந்தவன். வாகன இறக்குமதித் தடையை எடுத்த கிழமையே பேர் கொடுத்துவைத்தான். வீட்டில் நிற்பதும் இதே கார்தான், பழைய உடம்பு. அதன் கியர்பாக்ஸுக்கு ஏழரைச் சனி. மூன்று தடவை வெள்ளவத்தையில் நடுவீதியில் நின்று அவனுடைய மானத்தை வாங்கிவிட்டது.

புதியதைப் படத்தில் பார்த்த நாளிலிருந்து அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. பின் சீற்றில் தலையணை வைத்துச் சாய்ந்து படுத்திருக்கிற ஒருவருக்கு, பக்கக் கண்ணாடியால் வெளியே என்ன தெரியும்?

பிரதீஸின் குழுவிலும் கேட்டுப் பார்த்தான். அங்கே முந்நூறு பேர் முகத்தைப் பற்றி அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். லைட் மெலிந்துவிட்டது என்றான் ஒருவன், பின்பக்கம் ஊதிவிட்டது என்றான் இன்னொருவன். ‘முதல் பார்வையில் பிடிக்காது, போகப் போகப் பிடிக்கும், பேசிச் செய்த கல்யாணம் மாதிரி’ என்று பாமன்கடையிலிருந்து ஒருவர் சமாதானம் எழுதினார். சாந்தகுமாரின் கேள்விக்கு ஒரேயொரு பதில் வந்தது: ‘படுத்தால் கனவு தெரியும், அங்கிள்.’ அதற்கு எண்பது பேர் சிரித்திருந்தார்கள்.

இங்கேயும் அதே கூத்துத்தான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு ஒரு மூட்டை அவல் கிடைத்திருக்கிறது. அந்த முகத்தை வைத்து இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார்கள்.

சாந்தகுமாருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சோபாவில் கிடந்த இரண்டு குஷனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் கதவைத் திறந்தான். டிரைவர் பக்கக் கதவோடு அவற்றை அடுக்கி, முதுகை வைத்துச் சாய்ந்து, காலை மற்றப் பக்கம் நீட்டினான்.

“அங்கிள், சப்பாத்து! ப்ளீஸ்!” என்று ஓடி வந்தாள் விற்பனைப் பிள்ளை நிலூஷா.

கழற்றி அவள் கையிலேயே கொடுத்தான். பாவம், அவளும் வாங்கிக்கொண்டாள்.

கண்ணுக்கு நேரே கறுப்புப் பிளாஸ்டிக். அதற்கு மேலே, கண்ணாடி என்று பேர் பண்ணி ஒரு கீற்று. கீற்றுக்குள் ரொனியின் தலை தெரிந்தது. கழுத்தைக் காணவில்லை.

காலடிக் கதவுக்கு எட்டி, கண்ணாடி தொடங்குகிற விளிம்பில் கையை வைத்து அளந்தான். பழைய காரின் அளவு அவனுக்கு மனப்பாடம். இதில் நாலு விரல் உயர்த்திவிட்டார்கள். ஜன்னல் ஒடுங்கினால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வருகிறது என்று பிரதீஸ் எழுதியிருந்தான். கம்பீரமும் மண்ணாங்கட்டியும்!

இன்னொரு குஷனைக் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தான். கண் உயர்ந்தது, ஆனால் கழுத்து முன்னுக்கு மடிந்தது. ஐந்து நிமிஷம்கூட அப்படி இருக்க ஏலாது. எடுத்துவிட்டான்.

வானம் தெரியும்தான். வானத்தைக் காட்டவா இவ்வளவு பாடு?

“என்னடாப்பா, ஓட வாங்கிறியா, படுக்க வாங்கிறியா?” என்று குனிந்து கேட்டான் ரொனி. பின்னால் நின்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

சாந்தகுமார் இறங்கி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தன் பேரை வெட்டிவிடும்படி நிலூஷாவிடம் சொன்னான். வேறு நிறம் காட்டட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றான்.

ரொனி துள்ளினான். “பாத்தியா? நான் அப்பவே சொன்னனான், மூஞ்சி சரியில்ல!”

பிரதீஸ் போனை எடுத்து நோண்டத் தொடங்கினான்.

“ஓம், மூஞ்சிதான்,” என்றான் சாந்தகுமார். “பழசுக்கு ஒரு கியர்பாக்ஸ் தேடித் தா.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாவம் பார்ப்பார்களே தவிர நம்பமாட்டார்கள். வைத்தியரே நம்பவில்லை.

மனைவி ஜெயராணிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். பேச்சு அடியோடு போய்விட்டது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. பல்கனிவரை கட்டிலை இழுத்துவந்தும் கடலைக் காட்டிப் பார்த்தான். சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு, அந்தப் பழைய காரின் பின் சீற்றில் இரண்டு தலையணையில் அவளைச் சாய்த்துவிட்டு மெரீன் டிரைவில் திருப்பினால், கண்ணாடிக்குள் கடல் வந்து நிற்கிற இடத்தில், முன்னால் இருக்கிறவனுக்குக் காட்டுகிற மாதிரி, “அந்தா” என்பாள்.