சொன்னதை வாபஸ் வாங்கு!

"மைக்கைக் குடு தம்பி! குடுக்குறியா, பிடுங்கவா?"

செல்வராணி அக்கா மேடைப் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். யோங் பெங் ஊரின் தாமான் குடியிருப்பு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், நூறு பேருக்கு முன்னால்! நன்றி சொல்ல மைக்கை வாங்கியிருந்த மதிவாணன் ஓரடி பின்வாங்கினான். வாசகர் வட்டத்தின் செயலாளர் அவன்தான். பேச்சாளரை வருந்தி வருந்தி அழைத்ததும் அவன்தான்.

பேச்சாளர் ராஜசேகரன் இதே ஊரில் பிறந்து வளர்ந்து, ஆஸ்திரேலியாவில் குடியேறியவன். யூடியூப்பில் அரசியல் பேசியே பேர் வாங்கியவன். நம்ம ஊர்ப் பிள்ளை, நாலு நல்ல வார்த்தை சொல்வான் என்று கூப்பிட்டால், வந்த மனுஷன் வாயைத் திறந்ததுமே நெருப்பைக் கொட்டினான்.

"இது நாடே இல்லீங்க, குப்பைத்தொட்டி! இன்னமும் இங்கயே கெடக்குற நம்மாளுங்க முதுகெலும்பு இல்லாத ஜென்மங்க. நாளைக்கே இந்த நாடு பத்தி எரிஞ்சாலும் நான் ஒரு வாளி தண்ணி ஊத்த மாட்டேன். குடிமகன்னு குடுத்தாங்களே நீல ஐசி, அந்த அடையாள அட்டையப் போன மாசமே ஹைகமிஷன் கவுண்டர்ல விட்டெறிஞ்சிட்டேன்!"

முன்வரிசையில் நாலு பேர் கைதட்டினார்கள். அந்த நாலு பேரும் இன்றைக்குச் சாயங்காலம் இதே குப்பைத்தொட்டியில்தான் மீ கோரேங் சாப்பிடப் போகிறவர்கள். மதிவாணனுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அழைத்தவன் என்ன பேச முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அக்கா கிளம்பி வந்தாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நாசி லெமாக் சோறு விற்கிறவள். மெர்டேக்கா என்கிற சுதந்திர தின மாதம் பிறந்தால் கடைக் கூரையில் நாட்டுக் கொடி பறந்தாக வேண்டும். கட்சிக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசாமல் என்ன செய்வார்கள்? தேர்தல் அன்றைக்கு விடிந்ததும் தாமான் கிழவிகளைத் தன் பழைய வேனில் ஏற்றி, பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் பசியாறப் பொட்டலம் கொடுப்பாள். "ஓட்டுப் போட்ட மையைக் காட்டுங்கக்கா" என்று மதிவாணன் கேட்டால், "கையெல்லாம் சம்பல் காரம் தம்பி" என்று சிரித்துக்கொண்டே வேனை எடுத்துவிடுவாள்.

இன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை. மதிவாணன் மைக்கைக் கொடுத்துவிட்டான். நடப்பது நடக்கட்டும்!

"யார்றா முதுகெலும்பு இல்லாதவ?" அக்காவின் குரல் ஒலிபெருக்கியில் கீச்சிட்டது. "சிகாமட்ல வெள்ளம் வந்தப்ப நானும் எதிர்வீட்டு மலாய்க்கார மக் சூவும், மளிகைக்கடைச் சீனர் ஆ சொங்கும் மூணு நாளா இருநூறு பேருக்குச் சோறாக்கிப் போட்டோம். குப்பைத்தொட்டியிலயா ஆக்குனோம்? எந்த வீட்டுப் புள்ளன்னு பாத்தா போட்டோம்?"

"அக்கா, உணர்ச்சிவசப்படாதீங்க..." என்றான் ராஜசேகரன்.

"நீ பேசி முடிச்சிட்ட. இப்ப நான் பேசுறேன், கேளு! இங்க தப்பு இல்லையா? இருக்கு. கேக்கணும், சண்ட போட்டுக் கேக்கணும். நானும்தான் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கிக் கேக்குறேன், செருப்புத்தான் தேயுது. அதுக்காகப் பத்தி எரியட்டும்னு சொல்லுவியா? நீ ஏறிப் போயிருவ பிளேன்ல. எரிஞ்சா வேகுறது இந்த ஜனங்கடா! சொன்னத வாபஸ் வாங்கு. வாங்காம நீயும் போவ முடியாது, நானும் போவ மாட்டேன்!"

"அலமாக்!" என்று வியந்து கூவியது ஒரு குரல். பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. ராஜசேகரனை மேடையை விட்டு இறக்குவதா வேண்டாமா என்று மதிவாணன் தவித்தான். இறக்கவே வேண்டாம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்றும் தோன்றியது.

ராஜசேகரன் அசரவில்லை. ஆயிரம் பேரை இப்படி மடக்கிப் பழகியவன். கையைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தான்.

"வாபஸ் எல்லாம் வாங்க முடியாதுக்கா. உங்கள எந்தக் கட்சி அனுப்பிச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த நீல ஐசிய வச்சுக்கிட்டு இத்தன வருஷமா என்னத்தக் கிழிச்சீங்க? எடுங்க அத. எல்லாருக்கும் தூக்கிக் காட்டிட்டு, இது எனக்கு இன்னின்னது குடுத்துச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் நான் மன்னிப்புக் கேக்குறேன்."

முன்வரிசை மறுபடி கைதட்டியது.

அக்கா மைக்கைக் கீழே இறக்கினாள். போச்சு, மடக்கிவிட்டான் பாவி என்று மதிவாணன் நொந்துபோனான்.

அவள் தோள்பையின் ஜிப்பை இழுத்தாள். உள்ளேயிருந்து அட்டையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

பக்கத்தில் நின்ற மதிவாணன்தான் முதலில் பார்த்தான். அட்டை சிவப்பு. இந்த நாட்டில் தங்கிக்கொள்ளலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று சொல்கிற சிவப்பு ஐசி. இருபது வருஷப் பழக்கத்தில் அவனுக்கே தெரியாது.

கைதட்டல் பாதியில் நின்றது.

"இங்கதான், எஸ்டேட் லயத்து வீட்டுல பொறந்தேன். எங்கப்பன் பொறப்பப் பதியல. அறுபத்திரண்டு வயசாச்சு, குடியுரிமைக்கு ஏழு தடவ மனுப் போட்டாச்சு" என்றாள் அக்கா. பிறகு ராஜசேகரனைப் பார்த்துத் திரும்பினாள்.

"விட்டெறிஞ்சியே, அத எனக்காவது குடுக்கச் சொல்லியிருக்கலாமேடா!"