யார் வைத்த சேனை

தேன் கிண்ணம் கட்டிலருகே வந்துவிட்டது.

அவள் பிள்ளையை மார்போடு இன்னும் கொஞ்சம் ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் பெரியப்பா மோதிர விரலைத் தேனில் தோய்த்தார். அவள் கணவன் ஐயம்பெருமாளின் பெரியப்பா. சேனை வைக்கவென்றே மதுரையிலிருந்து காரில் வந்தவர். சொந்தபந்தம் கட்டிலைச் சுற்றி நின்றது.

சேனை என்று பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறாரோ, அவர் குணம் பிள்ளைக்கு வரும். இந்த வீட்டில் அது வேதவாக்கு. ஆஸ்பத்திரியில் நர்சுகள் விடவில்லை. ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால்தான், தண்ணீர்கூடக் கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குள் எந்த நர்சு வந்து நிற்கப்போகிறாள் என்று அத்தை வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்கி வைத்துவிட்டாள்.

ஐயம்பெருமாளுக்கும் இதே பெரியப்பாதான் சேனை வைத்தார். பெரியப்பா கோர்ட்டில் வாயைத் திறந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீர் கேட்பார். ஐயம்பெருமாள் பெரியப்பா முன்னால் வாயைத் திறந்ததே இல்லை. வைத்த சேனை எந்த வழியாக இறங்கிப்போனதோ.

இப்போதும் கதவோரம் நின்று கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை அவளைப் போல வரட்டும் என்று அந்த அறையில் யாரும் நினைக்கவில்லை. கல்யாணம் வரைக்கும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள்தானே.

பிறந்த அன்று பால் இறங்கவில்லை. பவுடர் டப்பா வாங்கி வரச் சொல்லி அத்தை தன் மகன் ஐயம்பெருமாளை விரட்டினாள். அவள் போகவிடவில்லை. தையல் போட்ட வயிறு விண்விண்ணென்று தெறித்தது. பிள்ளையை மறுபடி மறுபடி மார்பில் போட்டாள்.

காம்பு வெடித்தது.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒருவழியாக மஞ்சளாய் ஒரு துளி கசிந்தது. சீம்பால். அதைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிடு, பிள்ளைக்கு ஆகாது என்றாள் அத்தை.

அவள் விடவில்லை.

இப்போது பிள்ளை ஒரு பக்கம் குடித்தால் மறுபக்கம் ரவிக்கை நனைகிறது.

தேன் விரல் பிள்ளையின் உதட்டை நெருங்கியது.

அவள் உள்ளங்கையால் பிள்ளையின் வாயை மறைத்தாள்.

“சேனை வச்சாச்சு, பெரிய மாமா.”

விரல் அப்படியே நின்றது. யார் வைத்தது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சாட்சியிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டார்.

“நாந்தான் வச்சேன். சீம்பாலு.”

சொன்னதும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தெருவில் இறங்கி இன்னொரு தடவை சொல்லலாம் போலிருந்தது.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

“யாரக் கேட்டு வச்ச? நாளைக்குப் பிள்ள ஒன்ன மாதிரி வந்தா என்னட்டி செய்ய?”

அவள் முந்தானையை இழுத்துவிட்டுப் பிள்ளையை மார்பில் போட்டாள். பிள்ளை குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கதவோரத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“வரட்டும்மா,” என்றான் ஐயம்பெருமாள்.

பெரியப்பா திரும்பி அவனைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். விரலிலிருந்து தேன் சொட்டப் பார்த்தது.

அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.